மருந்துக்குக் கை நனையாது

உட்காருங்கள், உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் ஆவாரம்பூ காய்கிறது. ஊஞ்சலும் வேண்டாம், நாவல்கொட்டை. இப்படிக் கட்டிலில் உட்காருங்கள். முருங்கையிலையை ஒதுக்கிவிடுகிறேன். மேலேயே உட்கார்ந்தாலும் பரவாயில்லை, எப்படியும் பொடியாகப் போகிற இலைதானே.

சாயங்காலம் வருவீர்கள் என்றல்லவா தரகர் சொல்லியிருந்தார்? ஓ, கோபியில் முகூர்த்தம் சீக்கிரமே முடிந்துவிட்டதா. காலைப் பந்தியில் சாப்பிட்டாயிற்றா? பொங்கல், வடை, கேசரி. ஐயோ பாவம். அதற்கும் என்னிடம் மருந்து இருக்கிறது, பதறாதீர்கள்.

வசந்தாமணி, என் சம்சாரம், வீட்டில் இல்லை. தாரணியைக் கூட்டிவரப் போயிருக்கிறாள். ஜாதகக் குறிப்பில் போட்டிருந்தோமே, பெண் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள் என்று. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டூட்டி. உங்கள் பையன் நவநீதன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாரே, அவருக்கும் சனிக்கிழமை வேலை உண்டுதானே? இரண்டு பேரும் ஏதோ ரத்ததான முகாமில் பார்த்துப் பேசியிருக்கிறார்களாம். அதற்கப்புறம்தான் உங்கள் வீட்டு ஜாதகம் தரகர் கைக்கு வந்தது. நான் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறேன். நீங்களும் அப்படித்தானா? அதுதான் சரி.

ஒரு நிமிஷம். போன். அவள்தான்.

“ஆமா, வந்துட்டாரு… கட்டில்ல உட்கார வெச்சிருக்கேன்… இல்ல, இல்ல, வாயே திறக்கலை… வெயிலைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். நீ பையப் பைய வா.”

என்ன சொல்கிறாள் தெரியுமா? “நான் வர்ற வரைக்கும் வெயிலைப் பத்திப் பேசுங்க, மழையைப் பத்திப் பேசுங்க, மஞ்ச வெலையைப் பத்திப் பேசுங்க. பொடியைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசிராதீங்க. இந்த இடமும் போச்சுன்னா, அத்தனை டப்பாவையும் வாய்க்கால்ல கொட்டிட்டு நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்” என்கிறாள். உங்களை அண்ணா என்று கூப்பிடக் கூடாது என்றும் காலையிலேயே உத்தரவு. கூப்பிட்டால் நாம் பங்காளியாகிவிடுவோமாம், பிள்ளைகள் இரண்டும் அண்ணன் தங்கையாகிவிடுமாம். அதனால் ‘ஏனுங்க’ என்றே வைத்துக்கொள்கிறேன்.

வெயில் ஜாஸ்திதான். போன வருஷம் இவ்வளவு இல்லை.

சரி, வெயிலைப் பற்றிப் பேசியாயிற்று. இதைப் பிடியுங்கள்.

நிறத்தைப் பார்க்காதீர்கள். பார்த்தால் கஞ்சி மாதிரி இருக்கும், கஞ்சி இல்லை. கொள்ளு, வெந்தயம், கருஞ்சீரகம், ஓமம், முருங்கையிலை, இன்னும் சிலது. எல்லாம் என் கையால் இடித்துச் சலித்தது. ஏன் யோசிக்கிறீர்கள்? புரிகிறது, புரிகிறது. பெண் வீட்டில் சம்மதம் சொல்லும்வரை கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம், சோறு தின்றால் சம்மதம் என்று அர்த்தம். நம் பக்கத்து வழக்கம்தானே, எனக்குத் தெரியாதா? ஆனால் இது சோறு இல்லை, மருந்து. மருந்துக்குக் கை நனையாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கினால் டாக்டர் வீட்டில் சம்பந்தம் பண்ணிக்கொண்டதாக ஆகிவிடுமா, சொல்லுங்கள். அதனால் தைரியமாகக் குடிக்கலாம்.

காபியா? அது இந்த வீட்டில் இல்லை. நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. காபித்தூள் டப்பாவில் இப்போது கடுக்காய் இருக்கிறது.

வசந்தாமணிக்கு முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. தலைவலி என்பாள், எரிந்து விழுவாள். அப்புறம் ஆவாரம்பூத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ஆளே மாறிவிட்டாள். இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் பக்கத்துத் தெய்வானை வீட்டுக்குச் சாமிக்குப் பூப் பறிக்கப் போகிறாள். போகும்போது முகம் உர்ரென்று இருக்கும். திரும்பி வரும்போது பாருங்கள், அப்படியொரு தெளிவு! சாயங்காலமும் போகிறாள். இத்தனைக்கும் அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு செம்பருத்திச் செடி. ஆவாரம்பூ பக்தியையும் வளர்க்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டீர்களா? நல்லது. கண்ணில் தண்ணீர் வந்தால் வரட்டும். கண்ணுக்கும் நல்லது அது.

எனக்கு இதெல்லாம் பரம்பரை ஞானம் இல்லை. நான் பால் சொசைட்டியில் செக்ரட்டரியாக இருந்தவன். ஊரார் பாலில் தண்ணீர் எவ்வளவு என்று ஆயுசு முழுக்கப் பார்த்தேன், என் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ஒரு நாள் பார்க்கவில்லை. ரிட்டையராகி, சால்வை போட்டு அனுப்பிவைத்த சமயத்தில்தான் தாரணி லேபில் சேர்ந்தாள். வீட்டில் என் விரலைக் குத்திப் பார்த்தாள். “ஏனுங்கப்பா, பால்ல தண்ணி கலந்தா மீட்டர் காட்டும்பீங்களே, உங்க ரத்தத்துல சக்கரை ஆலையே ஓடுதுங்களே” என்றாள். டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த டாக்டர் என்ன சொன்னார்? நடங்க, சோத்தைக் குறைங்க, இந்த மாத்திரையைப் போடுங்க. அவ்வளவுதான். இதைச் சொல்ல அத்தனை வருஷம் படிக்க வேண்டுமா? எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு பெரிய வியாதி வந்திருக்கிறது, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு பெரிய வைத்தியம் வேண்டாமா?

அப்போதுதான் வாய்க்கால் கரைக்குப் போக ஆரம்பித்தேன். பாலத்தடியில் பொன்னுரங்கம் என்று ஒருத்தர் காலையில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, நெல்லிக்காய்ச் சாறு எல்லாம் கேனில் வைத்து விற்பார். வாக்கிங் போகிறவர்கள் வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்பார்கள். நான் மொபெட்டில் போய், நின்றபடியே குடித்துவிட்டு, மொபெட்டிலேயே திரும்பிவிடுவேன். அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சாறுதான் வேலை செய்யப் போகிறது, எதற்காக இப்படி நடந்து சாகிறார்கள் என்று நினைப்பேன்.

அங்கே ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது, ‘வாய்க்கால் கரை ஆரோக்கியம்’. சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? கண் விழித்தால் ஒரு இலை வரும், படுக்கப் போனால் ஒரு வேர் வரும். ஒருத்தர் வெண்டைக்காயை ஊறவைக்கச் சொல்வார். இன்னொருத்தர் அதை மறுத்து, கொய்யா இலை என்பார். நான் சண்டை போடுவதில்லை. இரண்டையும் சாப்பிடுவேன். யார் மனசையும் நோகடிப்பது என் சுபாவம் இல்லை.

யாரையும் கட்டாயப்படுத்துவதும் என் சுபாவம் இல்லை. டம்ளர் அப்படியே இருக்கிறதே, ஆறிவிடும், குடியுங்கள்.

மாட்டுக்கும் கொடுத்தேன். ஏன், மாடு மட்டும் ஆரோக்கியமாக இருக்கக் கூடாதா? வேப்பங்கொழுந்தும் நிலவேம்பும் தவிட்டில் கலந்து வைத்தேன். மாடு நன்றாகத்தான் இருந்தது. பால்தான் கசந்தது. சொசைட்டியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் சொசைட்டி! நான் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு பையன், “ஐயா, இது பாலுங்களா, கசாயமுங்களா?” என்று கேட்கிறான். கசாயப் பால் என்று தனியாக விற்றால் டவுனில் வரிசையில் நின்று வாங்குவார்கள், அதைச் சொன்னேன். அவனுக்கு வியாபாரம் தெரியவில்லை.

இதையெல்லாம் நீங்கள் ஊரில் விசாரித்திருப்பீர்கள். விசாரிக்காமல் யாராவது சம்பந்தம் பேச வருவார்களா? தெருமுனை டீக்கடையில் என்ன சொன்னார்கள்? சிரிக்கிறீர்கள். என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே நேராகச் சொல்லிவிடுகிறேன். தாரணிக்கு இதற்கு முன்னால் வந்த மூன்று இடமும் என்னால் கெட்டுப்போனதாக ஒரு பேச்சு இருக்கிறது. நீங்களே கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

முதலில் வந்தது பெருந்துறை. பையனின் அத்தை வந்திருந்தார். நல்ல நிறம்தான், ஆனால் வெளுத்த நிறம். எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் போய், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். ரத்தசோகை! சொன்னேன். “இரும்புச் சத்து சுத்தமா இல்லைங்க, கருவேப்பிலைப் பொடி தர்றேன், சாப்பிட்டா மூணு மாசத்துல செவந்துருவீங்க” என்றேன். அந்த அம்மாள் முறைத்த முறைப்பில் எனக்கே இன்னொரு விஷயமும் தெரிந்தது, பித்தமும் அதிகம். அதையும் சொன்னேன். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். வியாதியைச் சொன்னவன் மேல் கோபம். டாக்டர் சொன்னால் மட்டும் காசு கொடுத்துக் கேட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது பவானி. ஒரு வேன் நிறைய வந்தார்கள். நல்ல ஜனங்கள். “கை நனைக்க மாட்டோம்” என்று அவர்களும் உங்களைப் போலத்தான் தயங்கினார்கள். மருந்துக்குக் கை நனையாது என்று எடுத்துச் சொன்னேன். ஒத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தார்கள். அன்றைக்குக் கடுக்காய் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது, அதை மறைக்கவில்லை. பவானி போய்ச் சேருவதற்குள் வேனை அங்கங்கே நிறுத்தினார்களாம். கரும்புக் காடு, வாழைத் தோட்டம், ஒரு பெட்ரோல் பங்க். டிரைவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். நான் கேட்கிறேன், வருஷக்கணக்காகச் சேர்ந்த கழிவு வெளியே போனால் அது நல்லதா கெட்டதா? மறுநாள் அவர்கள் உடம்பு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்! ஒருத்தராவது போன் பண்ணி நன்றி சொல்லவில்லை.

மூன்றாவது இடம் சத்தியமங்கலம். அவர்கள் வீடு வரைக்கும்கூட வரவில்லை. டீக்கடையில் விசாரித்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு வசந்தாமணி என்னோடு பேசவில்லை. தாரணிதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உலக்கையை வாங்கி இரண்டு போடு போட்டாள். “விடுங்கப்பா, டீக்கடையோட திரும்பிப் போற ஆளுகளுக்கு நம்ம வீட்டுப் பொடியை எதுக்குங்க வீணாக்கறது?” என்றாள். பாருங்கள், என் பொடியின் அருமை வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளும் இந்த வீட்டில் எதையும் குடிப்பதில்லை, அது வேறு விஷயம். லேபில் வேலை செய்கிறவர்கள் வெறும் வயிற்றோடு போக வேண்டுமாம். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதாம்.

ஆனால் இந்தத் தடவை அவள் அப்படி இல்லை. உங்கள் ஜாதகம் வந்ததிலிருந்து ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் சொன்னாள், “அப்பா, நாளைக்கு மட்டும் கொஞ்சம் சாதாரணமா இருங்கப்பா.” தாரணி என்னிடம் எதையும் கேட்கிற பெண் இல்லை. அதனால் இன்றைக்குச் சட்டையைக்கூட இஸ்திரி போட்டுப் போட்டிருக்கிறேன். இதைவிடச் சாதாரணமாக ஒரு மனுஷன் எப்படி இருப்பான்?

அவள் எப்படிப்பட்ட பெண் என்று கேட்கிறீர்களா? குறையைச் சொல்லட்டுமா, நிறையைச் சொல்லட்டுமா? குறையே சொல்கிறேன். பெண்ணைப் பெற்றவன் மறைத்தான் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது.

ஒரு நாள் சொசைட்டியில் பொதுக்குழு. பழைய செக்ரட்டரி என்று என்னையும் மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தச் சமயம் நான் சிறுகுறிஞ்சான் பொடியும் பாகற்காய்ச் சாறும் ஒரு மண்டலமாக எடுத்துக்கொண்டிருந்தேன். உச்சகட்டம். காலையில் ஆகாரம் கிடையாது. வசந்தாமணி வேறு எதிரில் நின்று டாக்டர் மாத்திரையை விழுங்க வைத்துவிட்டாள். அதையும் சேர்த்து விழுங்கியிருந்தேன். மைக்கைக் கொடுத்ததும் பால் விலையைப் பற்றிப் பேசாமல் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசினேன். “சர்க்கரையை ஜெயித்தவன் உங்கள் முன்னால் நிற்கிறேன்” என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் நிற்கவில்லை. மைக்கோடு சரிந்துவிட்டேன்.

யாரோ போன் பண்ணி, தாரணி ஸ்கூட்டரில் பறந்து வந்திருக்கிறாள். விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை தரை தட்டிவிட்டதாம். மேடையில் டீக்கு வைத்திருந்த சர்க்கரையை அள்ளி என் வாயில் போட்டாள். சர்க்கரை! ஒரு மண்டலத்து உழைப்பு ஒரே பிடியில் போயிற்று. கூட்டத்தில் ஒருத்தன், “பொடி தின்னு தின்னே விழுந்துட்டாருப்பா” என்று சிரித்தது காதில் விழுந்தது. இவள் எழுந்து நின்று, மைக் இன்னும் ஆனில்தான் இருந்தது, “சொசைட்டி நல்லா இருக்கணும்னு அப்பா பண்ணாரியம்மனுக்கு விரதமுங்க. பச்சத் தண்ணிகூடக் குடிக்கலைங்க” என்று சொல்லிவிட்டாள். சிரித்தவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு அம்மாள் வந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வாழ்க்கையில் ஒரு நாள் விரதம் இருந்ததில்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால் வாய் நிறையச் சர்க்கரை.

அப்புறம் என்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கடைவீதி வழியாக! தூளிக் குழந்தை மாதிரி. இது குறையா இல்லையா? ஒரு கவுரவம் வேண்டாமா எனக்கு? டாக்டர் திட்ட ஆரம்பித்தார். “டாக்டர், நீங்க திட்டினா அவர் இன்னொரு பொடி சேத்துக்குவார். எங்கிட்ட விட்டுருங்க” என்றாள். எப்படி மரியாதை இல்லாமல் பேசுகிறாள் பாருங்கள். ஆனால் டாக்டர் தலையை ஆட்டிவிட்டு மாத்திரைச் சீட்டை அவளிடமே கொடுத்துவிட்டார்.

ஏனுங்க, டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள்? கொஞ்சம் தள்ளி வையுங்கள், இலை மேல் சிந்திவிடப்போகிறது.

அதற்கப்புறம்தான் விஷயமே. வீட்டுக்கு வந்ததும் தாரணி ஒரு வார்த்தை திட்டவில்லை. என் டப்பாக்களை எல்லாம் எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள். பாதிதான் திரும்பி வந்தது. “மீதி எங்க கண்ணு?” என்றேன். “டாக்டரே ஆசைப்பட்டு வெச்சுக்கிட்டாருங்கப்பா” என்றாள். வெளியில் திட்டுவார்கள், உள்ளுக்குள் அவர்களும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். “ஏனுங்கப்பா, சித்த வைத்தியத்துல அனுபானம்னு ஒண்ணு உண்டுங்களே, மறந்துட்டீங்களா?” நான் மறப்பேனா? பொடியை வெறுமனே தின்றால் வேலை செய்யாது. தேனிலோ நெய்யிலோ பாலிலோ குழைத்துத் தின்ன வேண்டும். மருந்தை உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற துணைக்குத்தான் அனுபானம் என்று பெயர். “உங்க பொடிக்கு அனுபானம் சரியில்லைங்கப்பா, அதுதான் மயக்கம் போட்டுருச்சு. உங்களுக்குத் தேன் ஆகாது, சக்கரை. நெய் ஆகாது, கொழுப்பு. இதுதான் ஆகும்” என்று கையை விரித்துக் காட்டினாள். பார்த்தால் டாக்டர் கொடுத்த அதே வெள்ளை மாத்திரை.

“இது மருந்தாச்சே கண்ணு” என்றேன்.

“மருந்து உங்க பொடிதானுங்கப்பா. இது அதைத் தூக்கிட்டுப் போற வண்டி. அவ்வளவுதான்.”

ஏனுங்க, ஒரே நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது! இத்தனை நாளாக மாத்திரையை மருந்து என்று நினைத்து வெறுத்துவிட்டேன். அது பாவம், வெறும் அனுபானம். அன்றிலிருந்து ஒரு வேளை தவறியதில்லை. காலையில் அவளே எடுத்துக் கொடுப்பாள், கையில் தண்ணீரும் கொடுப்பாள். பொடியின் அளவையும் குறைத்துவிட்டாள். அனுபானம் சரியாக அமைந்ததால் வீரியம் கூடிப்போய்விட்டதாம், ஒரு சிட்டிகைக்கு மேல் உடம்பு தாங்காதாம். அதோடு, பொடி ரத்தத்தில் கலக்க வேண்டுமானால் வாய்க்கால் கரையில் அடுத்த பாலம் வரைக்கும் காலால் நடக்க வேண்டுமாம். மொபெட்டில் போனால் குலுக்கலில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுமாம். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நடக்கிறேன்.

இப்போது சர்க்கரை அளவோடு இருக்கிறது. போன மாசம் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் தாரணியைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். தோல்வியை ஒத்துக்கொள்கிற சிரிப்பு. இங்கிலீஷ் வைத்தியம் ஒரு சிட்டிகைப் பொடியிடம் தோற்றுப்போய்விட்டதே!

என்னங்க? என்னாச்சு? இருமலா? சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். அடக்காதீர்கள். ஒரு வாய்தான் குடித்தீர்கள், வாயு கலைகிறது, அதுதான் இப்படி. துண்டு தரட்டுமா? கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஓமம் செய்கிற வேலை இது.

மெதுவாகக் கேளுங்கள். ஆமாம், அனுபானம் என்று சொன்னது தாரணியேதான். வேறு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏன் கேட்கிறீர்கள்?

உங்கள் வீட்டிலுமா? வீட்டம்மாவுக்கு பிரஷரா? அடடா. மாத்திரை விழுங்க மாட்டேன் என்கிறாரா? நீங்கள் கொடுத்தால் வாங்கிக்கொண்டுபோய்த் துளசிச் செடி அடியில் போட்டுவிடுகிறாரா? பையன் சொல்லியும் கேட்கவில்லையா? செடி எப்படி இருக்கிறது? செழிப்பாக இருக்கிறதா! இருக்கும், இருக்கும், அதற்கு பிரஷரே வராது. கவலைப்படாதீர்கள், நான் ஒரு பொடி தருகிறேன்.

வேண்டாமா? தாரணியிடமே கேட்டுக்கொள்கிறீர்களா? அவளுக்குப் பொடி தெரியாதுங்க. இடிக்கவே இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள்.

இதோ, ஸ்கூட்டர் சத்தம். வந்துவிட்டார்கள்.

“வா வசந்தாமணி. என்ன அப்படிப் பாக்கற? வெயிலைப் பத்தித்தான்… டம்ளரா? அது சும்மா, ஒரு வாய். மருந்துதானே… தாரணி, அம்மிணி, இவர்தான் காங்கேயத்துக்காரர். கும்பிட்டுக்க. நம்ம அனுபானக் கதையைச் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

ஏன் எல்லோரும் இப்படி நிற்கிறார்கள்? வசந்தாமணி தூணைப் பிடித்துக்கொள்கிறாள். தாரணி முகம் வெளிறிவிட்டது. கருவேப்பிலைப் பொடி கொடுக்க வேண்டும்.

என்ன, அவளையே கேட்கிறீர்களா? கேளுங்கள், கேளுங்கள். வீட்டம்மாவுக்கு என்ன அனுபானம் சொல்லுவாய் என்றா? பேசம்மா, பெரியவர் கேட்கிறார்.

பார்த்தீர்களா, என்ன பதில் சொல்கிறாள் என்று? “அம்மா எந்தச் சாமி கும்பிடுவாங்க?” என்று கேட்கிறாள். பிரஷருக்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம் இருக்கிறது? சிவன்மலை முருகன் என்கிறீர்கள், உடனே தலையை ஆட்டிக்கொள்கிறாள். “மொதல்ல நான் வந்து அவங்ககூட ரெண்டு தடவ மலை ஏறணுமுங்க, அப்புறம்தான் சொல்ல முடியும்” என்கிறாள். மலை ஏறுவதா வைத்தியம்? நீங்கள் மன்னிக்க வேண்டும். இன்னும் விவரம் போதாது. போகப் போகக் கற்றுக்கொள்வாள்.

என்னங்க சொன்னீர்கள்?

இலை போடச் சொல்கிறீர்களா?

பசிக்கிறதா உங்களுக்கு? காலைப் பந்திப் பொங்கலும் கேசரியும் வயிற்றில் இருக்கும்போதா? வசந்தாமணி, கேட்டாயா? ஒரு வாய்! ஒரே ஒரு வாய்தான் குடித்தார்! அத்தனையும் கரைத்துப் பசியைக் கிளப்பிவிட்டது. இதை நான் குழுவில் போட வேண்டும். பவானிக்காரர்கள் மட்டும் பொறுமையாக இருந்திருந்தால்… அழுகிறாயா? எதற்கு அழுகிறாய்? மனுஷன் பசி என்று கேட்கிறார், நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். வீட்டில் என்ன இருக்கிறது? கொள்ளுக் கஞ்சி இருக்கும், அதைக்…

இதெல்லாம் எங்கேயிருந்து வருகிறது? தெய்வானை வீட்டிலிருந்தா? சாயங்காலத்துக்கென்று முன்கூட்டியே செய்து வைத்ததா? சோறு, பருப்பு, ரசம், வடை, பாயசம். அடேயப்பா. பூப் பறிக்கப் போகிற வீட்டில் இவ்வளவு சமையலா? அந்தத் தூக்குப் போசியில் என்ன, காபி வாசனை அடிக்கிறது? உங்களுக்காகவா? போசி என்னவோ பழகின போசி மாதிரி இருக்கிறது, கைப்பிடி தேய்ந்து போயிருக்கிறது. சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள். சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு சிட்டிகை… வேண்டாமா. சரி.

“கை நனச்சுட்டாருங்க” என்கிறாள் வசந்தாமணி. ஆமாம், நனைத்துவிட்டார், பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறார், நானும்தான் பார்க்கிறேன், அதற்கென்ன இப்போது…

ஓ.

ஓ! அப்படியா? ஏனுங்க, பசியில் மறந்துபோய்க் கை வைத்துவிட்டீர்களா, இல்லை தெரிந்துதானா? தெரிந்துதானா! பையனும் நீங்களும் காலையிலேயே பேசிவிட்டுத்தான்… இல்லையா? வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தீர்களா? அப்புறம் எப்படி? சரி, எனக்குத் தெரியும் எப்படி என்று. நான் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டேன். டம்ளரில் மீதி இருக்கிறதே, அது சொல்லும்.

கல்யாணத்தை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். தாம்பூலப் பையில் தேங்காய் வேண்டாம், எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பொட்டலம் பொடி போட்டுவிடலாம். கடுக்காய் இல்லை, கடுக்காய் இல்லை, கத்தாதே வசந்தாமணி. முருங்கையிலை மட்டும். இப்போதே காயவைக்க ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும். தாரணி கூட இருந்து இடித்துக் கொடுத்தால்…

ஆமாம், அவளுக்குக் கல்யாணம். அவள் எப்படி இடிப்பாள்?

பொடிக்கு ஒன்றும் இல்லை, நானே இடித்துக்கொள்வேன். அந்த அனுபானம்தான். வசந்தாமணி கொடுத்தால் அது மாத்திரை மாதிரி இருக்கும், உள்ளே போகாது. இவள் கொடுக்கிற மாதிரி… என்ன கண்ணு, நீ ஏன் தலையைக் குனிஞ்சுக்கற? சந்தோஷமான நேரத்துல. போ, போய் அவருக்கு ரசம் ஊத்து.

ஏனுங்க, ஒன்று கேட்கட்டுமா? இங்கேயிருந்து காங்கேயத்துக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு?

இல்லை, சும்மாதான் கேட்டேன். நீங்கள் சாப்பிடுங்கள்.